விசையும் இயக்கமும்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை படிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. "சூத்திரமெல்லாம் தெரியும், ஆனால் கணக்கு வர மாட்டேங்குது" என்று சொல்பவர்களே அதிகம். அவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: விசை என்றதும் அது எந்தப் பொருள் மீது செயல்படுகிறது, அதை எது தருகிறது என்று கேட்டுக்கொள்வதில்லை. கீழே உள்ள பதில்களில் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

ஒரு பொருள் நகர்ந்துகொண்டே இருக்க விசை வேண்டுமா?

வேண்டாம். இயக்கத்தை மாற்றத்தான் விசை வேண்டும். நிற்பதை நகர்த்த, ஓடுவதை நிறுத்த, வேகத்தைக் கூட்ட, குறைக்க, திசையைத் திருப்ப. எதுவும் மாறாமல் நேர்கோட்டில் ஒரே வேகத்தில் போக விசை தேவையே இல்லை.

நம் அனுபவம் இதற்கு எதிராகத் தோன்றுகிறது. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடுகிறதே? அரிஸ்டாட்டிலும் இதைப் பார்த்துத்தான், தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் நகரும் என்றார். அந்தக் கருத்து ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் செல்வாக்கோடு இருந்தது. கலிலியோ சாய்தளத்தில் குண்டுகளை உருட்டிப் பார்த்து, தரையை வழவழப்பாக்க ஆக்க குண்டு இன்னும் தூரம் போகிறது, தடையே இல்லாவிட்டால் நிற்கவே நிற்காது என்ற முடிவுக்கு வந்தார். சைக்கிள் நிற்பது விசை இல்லாததால் அல்ல. தரையும் காற்றும் பின்னோக்கி விசை தருவதால்தான்.

தடை இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு வாயேஜர் 1 கண்முன் உள்ள சான்று. 1977-இல் கிளம்பிய அந்த விண்கலத்தை இப்போது எந்த எஞ்சினும் முன்னே தள்ளவில்லை. ஆனாலும் நொடிக்குச் சுமார் 17 கி.மீ. வேகத்தில் சூரியனை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் சீரான வேகத்தில் போகும் பைக்குக்கு ஏன் பெட்ரோல் செலவாகிறது?

காற்றின் தடையையும் சக்கரத்தின் உருளல் தடையையும் ஈடுகட்ட. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் மாறாமல் போகும் பைக் மீது முன்னோக்கி எவ்வளவு விசையோ, பின்னோக்கியும் சரியாக அவ்வளவுதான். தொகுபயன் விசை, அதாவது எல்லா விசைகளையும் திசையோடு கூட்டினால் மிஞ்சுவது, சுழி. தேர்வில் "சீரான திசைவேகம்" என்ற சொல் வந்தாலே முடுக்கம் (திசைவேகம் மாறும் வீதம்) சுழி, தொகுபயன் விசை சுழி என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

வேகம், திசைவேகம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. திசைவேகம் என்பது திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம். 400 மீட்டர் ஓடுதளத்தை ஒருவர் 80 நொடியில் ஒரு சுற்று சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்தால், சராசரி வேகம் 5 மீ/வி. இடப்பெயர்ச்சி (கிளம்பிய இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேர்கோட்டுத் தொலைவு, திசையோடு) சுழி என்பதால் சராசரித் திசைவேகம் சுழி.

போகும்போது மணிக்கு 40 கி.மீ., திரும்பும்போது 60 கி.மீ. சராசரி வேகம் 50 தானே?

48. ஊர் 120 கி.மீ. தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். போக 3 மணி, வர 2 மணி. மொத்தம் 240 கி.மீ., 5 மணி நேரம். மெதுவாகப் போன நேரம் அதிகம் என்பதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. தொலைவு எதுவாக இருந்தாலும் விடை இதுதான்.

மேலே எறிந்த பந்து உயரே போகும்போது அதன் மீது என்ன விசை இருக்கிறது?

எந்தப் பொருள் மீது? பந்து மீது. அதை இப்போது எது தொட்டுக்கொண்டிருக்கிறது? காற்று மட்டும்தான், அதைக் கணக்கில் விட்டுவிடலாம். தொடாமல் இழுப்பது பூமி. ஆக, பந்து மீது இருப்பது கீழ்நோக்கிய புவியீர்ப்பு விசை ஒன்றே. கை தந்த விசை, பந்து கையை விட்டு விலகிய கணத்தோடு முடிந்தது. "எறிந்த விசை இன்னும் பந்துக்குள் இருக்கிறது, அது தீர்ந்ததும் கீழே வருகிறது" என்று நினைப்பதுதான் இந்தப் பாடத்திலேயே மிகப் பிடிவாதமான தவறு. பந்து தன்னோடு கொண்டுபோவது திசைவேகத்தை, விசையை அல்ல.

எண்களில் பாருங்கள். பந்து 14.7 மீ/வி வேகத்தில் மேலே கிளம்புகிறது. 1 நொடி கழித்து மேல்நோக்கி 4.9 மீ/வி. 2 நொடி கழித்துக் கீழ்நோக்கி 4.9. 3 நொடியில் கீழ்நோக்கி 14.7, கைக்கு வந்துவிடுகிறது. மேல்நோக்கியதைக் கூட்டல் குறியாகவும் கீழ்நோக்கியதைக் கழித்தல் குறியாகவும் எழுதினால் +14.7, +4.9, −4.9, −14.7. ஒவ்வொரு நொடியும் சரியாக 9.8 குறைகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே மாற்றம், ஏனென்றால் ஒரே விசை.

1.5-ஆவது நொடியில் பந்து உச்சியில் இருக்கிறது, திசைவேகம் சுழி. முடுக்கமும் சுழி என்று எழுதி மதிப்பெண்ணை விடுபவர்கள் நிறையப் பேர். அங்கேயும் முடுக்கம் 9.8 மீ/வி²தான், கீழ்நோக்கி. இரண்டும் ஒரே நேரத்தில் சுழியாகிவிட்டால் பந்து அங்கேயே தொங்கிவிடும்.

நிறைக்கும் எடைக்கும் என்ன வேறுபாடு?

நிறை என்பது பொருளிலேயே உள்ளது. அதன் இயக்கத்தை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்கிறது. அலகு கிலோகிராம். எடை என்பது அந்தப் பொருள் மீது பூமி தரும் ஈர்ப்பு விசை. அலகு நியூட்டன். 50 கிலோ நிறையுள்ளவரின் எடை 50 × 9.8 = 490 நியூட்டன்.

5 கிலோ அரிசியை நிலாவுக்குக் கொண்டுபோனதாக வைத்துக்கொள்வோம். இரண்டு தட்டுத் தராசில் நிறுத்தால் அங்கேயும் 5 கிலோ படிக்கல்தான் சரியாக வரும், ஏனென்றால் படிக்கல்லின் எடையும் அரிசியின் எடையும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. இங்கிருந்து கொண்டுபோன சுருள்வில் தராசோ ஆறில் ஒரு பங்கு, அதாவது 0.8 கிலோ சொச்சம்தான் காட்டும்.

இலங்கைப் பாடநூலில் படிப்பவர்கள் கவனிக்க: நான் இங்கே நிறை என்பது உங்கள் நூலில் திணிவு, எடை என்பது உங்கள் நூலில் நிறை.

கனமான பொருள் முதலில் தரையைத் தொடாதா?

காற்று குறுக்கே வராவிட்டால் இரண்டும் சேர்ந்தே தொடும். 1971 ஆகஸ்ட் 2 அன்று, அப்போலோ 15 பயணத்தில் நிலாவில் நின்ற டேவிட் ஸ்காட், ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் வல்லூறின் இறகும் வைத்து ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. நிலாவில் காற்று இல்லை.

காரணம் நியூட்டனின் இரண்டாம் விதியில் (விசை = நிறை × முடுக்கம்) இருக்கிறது. இரண்டு மடங்கு நிறையுள்ள பொருளை பூமி இரண்டு மடங்கு விசையோடு இழுக்கிறது. ஆனால் அதே முடுக்கம் பெற அந்தப் பொருளுக்கு இரண்டு மடங்கு விசை தேவைப்படுகிறது. வகுத்தால் நிறை அடிபட்டுப் போகிறது, மிஞ்சுவது 9.8.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தடிமனான புத்தகத்தையும் ஒரு சின்னக் காகிதத்தையும் தனித்தனியாக விடுங்கள். காகிதம் மிதந்து மெதுவாக வரும். அப்புறம் அதே காகிதத்தைப் புத்தகத்தின் மேல், விளிம்பைத் தாண்டாமல் வைத்துப் புத்தகத்தை விடுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டதுபோல் சேர்ந்தே விழும். காற்றைப் புத்தகம் விலக்கிக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்றால், மாடு வண்டியை இழுக்கும்போது வண்டி எப்படி நகர்கிறது? இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடாதா?

நல்ல கேள்வி. இது தோன்றவே இல்லை என்றால்தான் நியூட்டனின் மூன்றாம் விதியை மேலோட்டமாகப் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மாடு தரும் விசை வண்டி மீது செயல்படுகிறது. வண்டி தரும் எதிர்விசை மாட்டின் மீது செயல்படுகிறது. வேறு வேறு பொருள்கள் மீது செயல்படும் விசைகளைக் கூட்டவோ கழிக்கவோ கூடாது. அதனால் அவை அடித்துக்கொள்ள வழியே இல்லை.

வண்டியை மட்டும் தனியே வரையுங்கள். நிறை 400 கிலோ. ஒரு ஜோடி மாடு அதை 500 நியூட்டன் விசையோடு முன்னே இழுக்கிறது, தரையின் தடை 420 நியூட்டன் பின்னே. மீதி 80 நியூட்டன். முடுக்கம் 80 ÷ 400 = 0.2 மீ/வி². வண்டி நகர்கிறது.

இப்போது மாடுகளை மட்டும் வரையுங்கள். இரண்டும் சேர்ந்து 600 கிலோ. வண்டி அவற்றைப் பின்னோக்கி 500 நியூட்டனால் இழுக்கிறது. அவையும் வண்டியோடு 0.2 மீ/வி² முடுக்கம் பெற வேண்டுமானால் 600 × 0.2 = 120 நியூட்டன் மிச்சமாக வேண்டும். ஆக, அவற்றை 620 நியூட்டன் விசையோடு முன்னே தள்ளுவது ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். அது தரை. மாடு குளம்பை ஊன்றித் தரையைப் பின்னே தள்ளுகிறது, தரை மாட்டை முன்னே தள்ளுகிறது. சேற்றில் குளம்பு வழுக்கினால் எவ்வளவு பலசாலி மாடாக இருந்தாலும் வண்டி அசையாததற்குக் காரணம் இதுதான்.

சரிபார்க்க, எல்லாவற்றையும் ஒரே பொருளாக எடுங்கள். 1000 கிலோ. வெளியிலிருந்து வரும் விசைகள் முன்னே 620, பின்னே 420. மீதி 200. முடுக்கம் 0.2. பொருந்துகிறது. உள்ளுக்குள் இருந்த 500-கள் இந்தப் படத்தில் வரவே இல்லை என்பதையும் பாருங்கள்.

மேசை மேல் உள்ள புத்தகத்தின் எடையும், மேசை மேல்நோக்கித் தரும் விசையும் மூன்றாம் விதி சொல்லும் ஜோடியா?

இல்லை. இரண்டும் ஒரே புத்தகத்தின் மீதே செயல்படுகின்றன, எனவே ஜோடியாக இருக்க முடியாது. எடை என்பது பூமி புத்தகத்தை இழுப்பது. அதன் ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தாங்குவதன் ஜோடி, புத்தகம் மேசையை அழுத்துவது. முதலில் சொன்ன இரண்டும் சமமாக இருப்பதற்குக் காரணம் மூன்றாம் விதி அல்ல. புத்தகம் அசையாமல் இருப்பதால், அதாவது முடுக்கம் சுழி என்பதால்.

காற்றே இல்லாத விண்வெளியில் ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு போகிறது?

தன் வாயுவை. எரிபொருள் எரிந்து வரும் சூடான வாயுவை ராக்கெட் பின்னே தள்ளுகிறது, வாயு ராக்கெட்டை முன்னே தள்ளுகிறது. காற்று இதில் வரவே இல்லை. சொல்லப்போனால் காற்று இடைஞ்சல்தான்.

இந்தச் சந்தேகம் பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது. 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தலையங்கம், வெற்றிடத்தில் ராக்கெட் வேலை செய்யாது, ராக்கெட் ஆய்வின் முன்னோடியான ராபர்ட் கோடார்டுக்குப் பள்ளிக்கூடத்து இயற்பியலே தெரியவில்லை என்ற தொனியில் எழுதியது. அப்போலோ 11 நிலாவுக்குக் கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அதே நாளிதழ் வருத்தம் தெரிவித்துத் திருத்தம் வெளியிட்டது. கோடார்டு 1945-லேயே இறந்துவிட்டார்.

உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்குமா?

வழுக்கலைத்தான் எதிர்க்கும். நடக்கும்போது உங்கள் பாதம் பின்னே வழுக்கப் பார்க்கிறது. உராய்வு அதைத் தடுத்து உங்களை முன்னே தள்ளுகிறது.

இன்னொன்று. நிலை உராய்வுக்கு, அதாவது நகராத பொருள் மீதுள்ள உராய்வுக்கு, ஒரே மதிப்பு கிடையாது, தேவைக்கேற்ப மாறும். 50 கிலோ மூட்டை, நிலை உராய்வுக் குணகம் 0.4 என்றால் உச்ச அளவு 0.4 × 490 = 196 நியூட்டன். நீங்கள் 100 நியூட்டனால் தள்ளினால் உராய்வு 196 அல்ல, 100-தான். 196 என்று எழுதினால் மூட்டை உங்களை நோக்கி நகர்ந்தாக வேண்டும்!

ஒரு பொருளைக் கிளப்புவது கடினம், கிளம்பிய பிறகு சுலபம். ஏன்?

திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்வோம். அலங்கரித்த நிலையில் சுமார் 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன் என்று சொல்வார்கள். கிளப்பும்போது ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடிப்பது போதாமல் பின்னாலிருந்து புல்டோசரும் தள்ளுகிறது. நின்றிருக்கும்போது அச்சில் நிலை உராய்வு, அது இயக்க உராய்வைவிட அதிகம். சக்கரமும் பாரத்தால் சாலையில் கொஞ்சம் அழுந்தி உட்கார்ந்திருக்கும். அந்தச் சின்னப் பள்ளத்தை ஏறி வர வேண்டும். இதற்கெல்லாம் மேல், 300 டன்னை ஓய்விலிருந்து முடுக்க வேண்டும்.

ஒரு கணக்கு போடலாம். உருளும்போது தடை, எடையில் நூறில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 3,00,000 × 9.8 = 29,40,000 நியூட்டன்; தடை 58,800 நியூட்டன். ஒருவர் 200 நியூட்டன் இழுப்பதாகக் கொண்டால், ஓடும் தேரை ஓடவைக்க மட்டும் சுமார் 300 பேர் வேண்டும். 0.05 மீ/வி² முடுக்கம் தர இன்னும் 15,000 நியூட்டன், அதாவது 75 பேர் கூடுதல்.

நிறுத்துவது தனிக்கதை. தேர் நொடிக்கு அரை மீட்டர்தான் நகர்கிறது, குழந்தைகூட அதைவிட வேகமாக நடக்கும். ஆனால் உந்தம் (நிறை × திசைவேகம்) 3,00,000 × 0.5 = 1,50,000 கி.கி. மீ/வி. வடத்தை விட்டுவிட்டால் மட்டும் உடனே நிற்காது. அதனால்தான் தேர்களுக்குச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறார்கள். திருவாரூர்த் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்டிருக்கிறது. மெதுவாகப் போகும் பொருள் ஆபத்தில்லாதது என்று நினைத்து யாரும் சக்கரத்துக்கு அருகே போகக் கூடாது. உந்தத்தில் வேகம் பாதிதான், மறுபாதி நிறை.

கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னே இழுப்பது ஏன்?

பந்து 0.16 கிலோ, வேகம் 30 மீ/வி என்றால் உந்தம் 4.8. அதைச் சுழியாக்கியே தீர வேண்டும், அதில் சலுகை இல்லை. எவ்வளவு நேரத்தில் என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. கையை விறைப்பாக வைத்து 0.02 நொடியில் நிறுத்தினால் சராசரி விசை 240 நியூட்டன். பின்னே இழுத்து 0.1 நொடியில் நிறுத்தினால் 48. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் நுரைத் திண்டும் இதைத்தான் செய்கிறது: நசுங்கி, தலை நிற்கும் நேரத்தைக் கூட்டுகிறது. தயவுசெய்து பட்டையை மாட்டிப் போடுங்கள்.

லிஃப்ட் மேலே போகும்போது எடை கூடுமா?

மேலே போவதால் கூடாது, மேல்நோக்கி முடுக்கம் இருந்தால் கூடியதுபோல் காட்டும். 50 கிலோ நிறையுள்ளவர் லிஃப்டுக்குள் எடை பார்க்கும் மிஷின் மேல் நிற்கிறார். மேல்நோக்கிய முடுக்கம் 2 மீ/வி² என்றால் மிஷின் அவரைத் தாங்கும் விசை 50 × (9.8 + 2) = 590 நியூட்டன்; சுமார் 60 கிலோ காட்டும். சீரான வேகத்தில் ஏறும்போது பழையபடி 50. மேல்மாடியை நெருங்கி வேகம் குறையும்போது, ஏறிக்கொண்டிருந்தாலும், 50-க்குக் கீழே காட்டும். பூமி இழுக்கும் விசை இந்த மூன்று நிலையிலும் 490 நியூட்டன்தான்.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லாததால்தானே மிதக்கிறார்கள்?

பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் நூறில் சுமார் 89 பங்கு. மிதப்பதற்குக் காரணம், நிலையமும் உள்ளே இருப்பவர்களும் ஒரே முடுக்கத்தோடு சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பது. பக்கவாட்டில் நொடிக்கு 7.7 கி.மீ. வேகம் இருப்பதால் பூமியின் வளைவோடு விழுகிறார்கள், தரைக்கு வருவதில்லை.

பஸ் வளைவில் திரும்பும்போது நம்மை வெளியே தள்ளுவது எந்த விசை?

சாலையோரம் நிற்பவர் பார்வையில் எதுவுமே உங்களை வெளியே தள்ளவில்லை. உங்கள் உடல் நேராகப் போகப் பார்க்கிறது, பஸ் வலப்பக்கம் திரும்புகிறது, இடப்பக்கச் சுவர் வந்து உங்கள் தோளில் இடிக்கிறது. அந்தச் சுவர் தரும் விசை உள்நோக்கியது, அதுதான் உங்களைத் திருப்புகிறது. கயிற்றில் கட்டிச் சுற்றும் கல்லை விட்டால் அது மையத்திலிருந்து நேர் வெளியே பறக்காமல் தொடுகோட்டில் போவதும் இதனால்தான்.

பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டே கணக்குப் போட விரும்பினால் மையவிலக்கு விசை என்ற போலி விசையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பார்வையும் செல்லும். ஆனால் ஒரே படத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் போட்டு நிற்கும் தூரமும் இரண்டு மடங்குதானே?

நான்கு மடங்கு. எதிர்முடுக்கம் 5 மீ/வி² என்றால், மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் (10 மீ/வி) 10 மீட்டரில் நிற்கலாம். 72 கி.மீ. வேகத்தில் 40 மீட்டர். பிரேக்கை மிதிக்கும் முன் சுதாரிக்க ஆகும் நேரத்தை 1 நொடி என்று சேர்த்தால் 20 மீட்டரும் 60 மீட்டரும்.

கணக்கில் 9.8 எடுப்பதா, 10 எடுப்பதா?

வினாவில் எது கொடுத்திருக்கிறதோ அது. எதுவும் சொல்லாவிட்டால் 9.8 எடுங்கள். பத்து எடுத்தால் வித்தியாசம் நூறில் இரண்டு பங்குதான். ஆனால் எதை எடுத்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கி.மீ./மணியை மீ/வி ஆக்க 5/18-ஆல் பெருக்குவதையும் அங்கேயே முடித்துவிட்டால் பிறகு மறக்காது.